வாசகர் கேள்வி–பதில்: மணமாகாத தாயும் அமெரிக்காவின் நிறக்கணக்கும்

கேள்வி: திருமணமாகாமல் தாயான பெண்ணை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சமூகம் கடுமையாக ஒதுக்கியது என்று படித்தேன். அந்த ஒதுக்கல் வெள்ளையினப் பெண்ணுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் ஒரே விதமாகத்தான் இருந்ததா?

பதில்: இல்லை. பழி இருவருக்கும் உண்டு என்றாலும், அதன் பிறகு நடந்தவை முற்றிலும் வேறானவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டுக்கும், கருக்கலைப்பு உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்ற 1973-ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும்.

நடுத்தர வர்க்கத்து வெள்ளையினப் பெண் ஒருத்தி கருவுற்றாள் என்று தெரிந்தால், வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே அவளை வேறு ஊரில் இருக்கும் மகப்பேற்று இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நோயுற்ற அத்தைக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்று பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரு கதை சொல்லப்படும். பல இல்லங்களில் அவள் தன் குடும்பப் பெயரைச் சொல்லக் கூடாது. முதற்பெயரோ, இல்லத்தார் சூட்டிய புனைபெயரோதான் அவளுக்கு அடையாளம். கடைத்தெருவுக்குப் போகும் நாளில் மட்டும் விரலில் போட்டுக்கொள்ள மலிவான திருமண மோதிரம் ஒன்றும் கிடைக்கும். பிள்ளை பிறந்து சில நாட்களுக்குள் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் பிறப்புச் சான்றிதழ் முத்திரையிடப்பட்டுப் பூட்டி வைக்கப்படும். வளர்ப்புப் பெற்றோரையே பெற்றவர்களாகக் காட்டும் புதிய சான்றிதழ் வழங்கப்படும். அவள் ஊருக்குத் திரும்பி, எதுவுமே நடக்காதது போல வகுப்பில் உட்கார வேண்டும். இக்காலத்தில் இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 15 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அதே வயதுக் கறுப்பினப் பெண்ணுக்கு அந்த இல்லங்களில் பெரும்பாலானவற்றின் கதவு திறக்கவே இல்லை. கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட இல்லங்கள் சிலவே. தத்து நிறுவனங்கள் பல அவளுடைய குழந்தையைப் பதிவு செய்துகொள்ளவும் மறுத்தன. ஆகவே அவள் வீட்டிலேயே இருந்தாள், பிள்ளையைப் பெற்றாள், பாட்டியும் அத்தையும் சேர்ந்து வளர்த்தார்கள். பின்னாளில் எடுக்கப்பட்ட அரசுக் கணக்கெடுப்பு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. 1973-க்கு முன் திருமணமே ஆகாத வெள்ளையினத் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் 19 சதவீதத்தினர் தத்துக் கொடுக்கப்பட்டனர். கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளில் அது 1.5 சதவீதம்.

இரண்டு நடைமுறைகளுக்கும் இரண்டு விளக்கங்களைத் துறை வல்லுநர்கள் எழுதி வைத்தார்கள். வெள்ளையினப் பெண்ணுக்கு ஏற்பட்டது மனக்கோளாறு. அடக்கியாளும் தாய்க்கு எதிரான ஆழ்மனப் பிடிவாதம். சிகிச்சை தந்து, குழந்தையிடமிருந்து பிரித்துவிட்டால் அவள் மீண்டும் நல்ல மனைவியாகலாம். கறுப்பினப் பெண்ணுக்கோ அது இரத்தத்தில், பண்பாட்டில் ஊறியது, திருத்த முடியாதது. ஒரே நிகழ்வு ஒருத்திக்கு நோயாகவும் இன்னொருத்திக்கு இயல்பாகவும் எப்படி ஆயிற்று என்று கேட்டால், என் பதில் சற்று முரட்டுத்தனமாக இருக்கும்: குழந்தையை யார் கேட்டார்கள் என்று பாருங்கள். போருக்குப் பின் பிள்ளையில்லாத வெள்ளையினத் தம்பதியர் வெள்ளைக் கைக்குழந்தைகளுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். குழந்தைக்குத் தேவை இருந்த இடத்தில் தாய்க்கு மன்னிப்பு கிடைத்தது. குழந்தைதான் அதன் விலை. தேவை இல்லாத இடத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து பொதுச் செலவு என்ற கணக்கில் எழுதப்பட்டார்கள்.

கேள்வி: இது போருக்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும் உரிய நிலையா, அடிமை முறைக் காலத்திலேயே வேர் உள்ளதா?

பதில்: வேர் அங்கேதான் இருக்கிறது. வர்ஜீனியா அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம். ஆங்கிலச் சட்டப்படி குழந்தையின் நிலை தந்தையைப் பின்பற்றும். ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ என்ற பெண், தந்தை வழியைச் சுட்டி வழக்காடி, 1656-இல் விடுதலை பெற்றார். அதற்குப் பின் 1662-இல் வர்ஜீனியப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது: அங்கே பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரமானவரா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும். இந்த ஒற்றை வரியின் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடிமைப் பெண் யாருக்குக் குழந்தை பெற்றாலும், உரிமையாளரே தந்தையாக இருந்தாலும்கூட, அந்தக் குழந்தை உரிமையாளரின் சொத்து. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை என்பதால், அவர்களில் ஒவ்வொரு தாயும் சட்டத்தின் பார்வையில் மணமாகாத தாய்தான். அதை ஒழுக்கக்கேடு என்று எந்த உரிமையாளரும் கண்டிக்கவில்லை. பிறப்புகள் பண்ணைக் கணக்கில் வரவாகவே குறிக்கப்பட்டன.

வெள்ளையினப் பெண்ணின் நிலை இதற்கு நேர் எதிர். அதே வர்ஜீனியாவில் 1691-இல் வந்த சட்டம், ஆங்கிலேயப் பெண் ஒருத்தி கறுப்பினத்தவருக்கோ கலப்பினத்தவருக்கோ மணமாகாமல் குழந்தை பெற்றால் ஒரு மாதத்துக்குள் 15 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் 5 ஆண்டு பணிக்கு விற்கப்பட வேண்டும் என்றது. அவளுடைய குழந்தை 30 வயது வரை கட்டாய வேலையாளாக இருக்க வேண்டும். சுதந்திரமான தாய்க்குப் பிறப்பதால் அந்தக் குழந்தையை அடிமையாக்க முடியாது. ஆகவே தண்டனை இரண்டு தலைமுறைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததும் காட்சி மாறியது. பிறப்பு இனிமேல் யாருக்கும் வரவு இல்லை. விடுதலை பெற்றோர் பல்லாயிரக்கணக்கில் தங்கள் திருமணங்களைப் பதிவு செய்துகொள்ள முன்வந்தார்கள். மறுபுறம், பெற்றோரால் காப்பாற்ற முடியாத பிள்ளைகள் என்று காரணம் காட்டி, கறுப்பினக் குழந்தைகளைத் தொழில் பயிற்சி என்ற பெயரில் பழைய உரிமையாளரிடமே கட்டிவைக்கும் சட்டங்கள் தெற்கில் பெருகின. மேரிலாந்தைச் சேர்ந்த எலிசபெத் டர்னர் என்ற சிறுமியின் வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் அடிமை முறையை ஒழித்த அரசமைப்பின் 13-ஆம் திருத்தத்துக்கு முரணானது என்று தலைமை நீதிபதி சால்மன் சேஸ் 1867-இல் தீர்ப்பளித்தார்.

கேள்வி: மகப்பேற்று இல்லங்கள் தொடக்கம் முதலே குழந்தையைப் பிரிப்பதற்காகத்தான் ஏற்பட்டனவா?

பதில்: அப்படிச் சொல்வது தொடக்க கால நடத்துநர்களுக்கு அநீதி. இவற்றில் மிகவும் அறியப்பட்ட ஃபிளாரன்ஸ் கிரிட்டன்டன் இல்லங்கள், நியூயார்க் வணிகர் சார்ல்ஸ் கிரிட்டன்டன், இறந்துபோன தம் சிறுமகளின் பெயரில் 1883-இல் தொடங்கியவை. அவரோடு சேர்ந்து அந்த அமைப்பை நாடு முழுவதும் பரப்பிய மருத்துவர் கேட் வாலர் பாரெட், தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்க வேண்டும், தாய்ப்பால் கொடுத்து வளர்ப்பதே அந்தப் பெண்ணை நிலைநிறுத்தும் என்பதில் உறுதியாக இருந்தார். பிரார்த்தனையும் தையலும் சமையலும் திணிக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் குழந்தையைப் பறிக்கவில்லை. 1920-களுக்குப் பின் மதத் தொண்டர்களின் இடத்தைப் பட்டம் பெற்ற சமூகப் பணியாளர்கள் பிடித்தார்கள். பாவம் என்ற பேச்சு போய், நோய் என்ற பேச்சு வந்தது. 1940-களில் பிரிப்பதே விதியாகிவிட்டது. பக்தி இரக்கமற்றது, அறிவியல் இரக்கமுள்ளது என்று நாம் வழக்கமாக வரைந்துகொள்ளும் கோடு இந்த இடத்தில் பொருந்தவில்லை.

வெள்ளையினப் பெண்கள் எல்லோரும் நோயாளிகள் என்ற சலுகையைப் பெற்றார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏழைகளுக்கு வேறொரு பட்டம் காத்திருந்தது: அறிவுக்குறை உள்ளவர்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற வெள்ளையினப் பெண், வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றவர். குடும்பம் அவரை அறிவுக்குறை உள்ளவர் என்று சொல்லி அரசு விடுதியில் சேர்த்தது. அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார். மூன்றாம் தலைமுறை என்று அவர் குறிப்பிட்ட, கேரியின் மகள் விவியன், பின்னர் பள்ளியில் நன்மதிப்புப் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்தாள். வெள்ளை இனத்தின் தரத்தைக் காப்பது என்ற பெயரில் நடந்த கொடுமை இது. நிறவாதம் கறுப்பினத்தவரோடு நின்றுவிடவில்லை என்பதற்காகவே இதை இங்கே சேர்த்தேன்.

கேள்வி: கறுப்பினச் சமூகம் இதை வெட்கமாகவே கருதவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியா?

பதில்: அந்தக் கூற்றைச் சமூகப் பணித்துறையே விரும்பிப் பரப்பியது. வெட்கமில்லாதவர்களுக்கு உதவி எதற்கு என்று தட்டிக்கழிக்க அது வசதியாக இருந்தது. உண்மையில், மணமாகாமல் கருவுற்ற பெண்ணைச் சபையின் முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்த கறுப்பினத் தேவாலயங்கள் இருந்தன. பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டதும், தகப்பன் முகம் கொடுத்துப் பேசாததும், பாடகர் குழுவில் இருந்து விலக்கப்பட்டதும் அந்தப் பெண்களுக்கும் நேர்ந்தன. 1896-இல் உருவான கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஒழுக்கம் என்பது இன மானத்தோடு பிணைந்த விஷயம். ஒருத்தி தவறினாலும் வெள்ளையர் ஒட்டுமொத்த இனத்தையும் பழிப்பார்கள் என்ற அச்சம் அவர்களிடம் எப்போதும் இருந்தது.

வேறுபாடு வெட்கத்தில் இல்லை, குழந்தையிடம் காட்டிய மனப்பான்மையில் இருந்தது. விலைக்கு விற்கப்பட்டுப் பிள்ளைகளை இழந்த தலைமுறைகளின் நினைவு அவ்வளவு தொலைவில் இல்லாத ஒரு சமூகத்தில், பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது, மணமாகாமல் பெறுவதைவிடப் பெரிய தவறாகத் தோன்றியதில் வியப்பில்லை. பிள்ளை குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். பதிவேடுகளில் வராத தத்து அது.

கேள்வி: அரசு உதவித்தொகைக்கும் இந்தப் பிரச்சினைக்கும் என்ன தொடர்பு? விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

பதில்: தொடர்பு மிக நெருக்கமானது. தந்தையில்லாத குழந்தைகளை வளர்க்கும் தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கும் சட்டங்களை இல்லினாய் மாநிலம் 1911-இல் தொடங்கிவைத்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. யாருக்குத் தகுதி என்று முடிவு செய்தவர்கள் உள்ளூர் அதிகாரிகள். அவர்கள் மனத்தில் இருந்தது வெள்ளையின விதவை. 1931-இல் மத்திய அரசின் குழந்தைகள் நலத்துறை எடுத்த கணக்கில், இனம் குறிக்கப்பட்ட பயனாளிக் குடும்பங்களில் 96 சதவீதம் வெள்ளையினக் குடும்பங்கள். கறுப்பினக் குடும்பங்கள் 3 சதவீதம். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்த உதவியை நாடு தழுவியதாக்கியது. ஆனால் தகுதியை அளக்கும் கோல் மாநிலங்களின் கையிலேயே விடப்பட்டது. விதவைகள் மெல்ல மெல்ல வேறு ஓய்வூதியத்துக்கு மாறிப்போக, இந்தத் திட்டத்தில் மணமாகாத தாய்மாரும் கறுப்பினத் தாய்மாரும் கூடுதலாகச் சேர்ந்தனர். உடனே, தகுதியான இல்லம் என்ற நிபந்தனை கூர்மையடைந்தது.

லூசியானா மாநிலம் 1960-இல் அதை உச்சத்துக்குக் கொண்டுபோயிற்று. உதவி பெறத் தொடங்கிய பின் மணமாகாமல் குழந்தை பெற்றவரின் இல்லம் தகுதியற்றது என்று அறிவித்து, சுமார் 23,000 குழந்தைகளுக்கான உதவியை அந்தக் கோடையில் நிறுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். இல்லம் குழந்தைக்குத் தகாதது என்று சொல்லிவிட்டு, குழந்தையை அதே இல்லத்தில் பட்டினியாக விட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டனம் எழுந்தது. மத்திய அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் 1961 ஜனவரியில், குழந்தை அந்த வீட்டில் வாழும்வரை வீடு தகுதியற்றது என்ற காரணத்தால் உதவியை நிறுத்தக் கூடாது என்று ஆணையிட்டார்.

அலபாமா வேறு வழி கண்டது. தாய் யாரோடாவது உறவு வைத்திருந்தால் அந்த ஆடவர் குழந்தைகளுக்கு மாற்றுத் தந்தை. ஆகவே உதவி கிடையாது. இந்த விதியால் உதவி இழந்தவர்களில் செல்மாவைச் சேர்ந்த சில்வெஸ்டர் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்ணும் ஒருவர். அவருக்கு நான்கு குழந்தைகள். அதிகாலை 3.30 மணி முதல் நண்பகல் வரை உணவகத்தில் சமைத்தும் பரிமாறியும் வாரத்துக்கு 16 முதல் 20 டாலர் வரை ஈட்டி வந்தார். வார இறுதியில் அவரைப் பார்க்க வந்துபோன ஆடவருக்கு மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். ஸ்மித்தின் பிள்ளைகளுக்கு அவர் தந்தையும் அல்லர், அவர்களைக் காப்பாற்றும் சட்டக் கடமையும் அவருக்கு இல்லை, அதற்கு வசதியும் இல்லை. ஆனாலும் மாநிலத்தின் ஏட்டில் அவர்தான் தந்தை. இத்தகைய உறவுகளைக் கண்டுபிடிப்பதற்காகவே பல மாநிலங்களில் அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டி, அலமாரியிலும் கட்டிலடியிலும் ஆண்களின் காலணிகளைத் தேடினார்கள். 1968-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அலபாமா விதியைத் தள்ளுபடி செய்தது. விதி நடைமுறைக்கு வந்த 1964-இலிருந்து 1967 ஜனவரி வரை, அம்மாநிலத்தில் உதவி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 16,000 குறைந்திருந்தது.

அதே 1968-இல், அலபாமா தீர்ப்புக்கு ஒரு மாதத்துக்கு முன், லூயிஸ் லெவி என்ற லூசியானாக் கறுப்பினத் தாயின் ஐந்து குழந்தைகள் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. தாயின் மரணத்துக்கு மருத்துவக் கவனக்குறைவே காரணம் என்று இழப்பீடு கேட்ட அவர்களை, மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்கள் என்பதால் மாநில நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. அது அரசமைப்புக்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். இறந்த தாயின் பிள்ளைகளுக்கு இழப்பீட்டை மறுத்து, உயிரோடிருப்பவர்களின் ஒழுக்கத்தைக் காக்கலாம் என்ற மாநிலத்தின் வாதம் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

கேள்வி: கட்டாயக் கருத்தடை கறுப்பினத் தாய்மார் மீதும் திணிக்கப்பட்டதா?

பதில்: திணிக்கப்பட்டது. தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்டோர் பிள்ளை பெறாமல் தடுக்க அமைந்த வட கரோலினாவின் இன மேம்பாட்டு வாரியம் 1970-களின் நடுப்பகுதி வரை இயங்கி, சுமார் 7,600 பேருக்குக் கருத்தடை செய்ய ஒப்புதல் தந்தது. பிற்காலத்தில் அவர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு வெகுவாக உயர்ந்தது. எலைன் ரிடிக் வன்புணர்வால் கருவுற்று, 1968-இல் 14 வயதில் குழந்தை பெற்றபோது, அதே மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எழுத்தறியாத பாட்டி ஒப்புதல் தாளில் பெருக்கல் குறி இட்டிருந்தார். தமக்கு என்ன செய்யப்பட்டது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்புதான் ரிடிக்குக்குத் தெரிந்தது. அம்மாநிலம் 2013-இல் ஒரு கோடி டாலர் இழப்பீட்டு நிதியை ஒதுக்கியது. மிசிசிப்பி மாநிலக் கீழவையோ 1964-இல், மணமாகாமல் இரண்டாவது குழந்தை பெறுவதைப் பெருங்குற்றமாக்கி, சிறைக்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைக்கும் மசோதாவையே நிறைவேற்றியது. குடிமை உரிமைப் போராளிகள் அதை நாடறியச் செய்தபின், மேலவை கருத்தடைப் பகுதியை நீக்கியது.

கேள்வி: மணமாகாத தாய் என்பதற்காகப் பெண்களை வேலைக்கு எடுக்க மறுத்த வழக்கு ஒன்று மிசிசிப்பியில் நடந்ததாமே?

பதில்: சன்ஃபிளவர் மாவட்டத்தில் ட்ரூ என்ற சிற்றூர், அங்குள்ள பள்ளி நிர்வாகம் பற்றியது அந்த வழக்கு. வெள்ளையினக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கட்டாயப்படுத்தியிருந்த காலம். அவ்வேளையில், 1972-இல், மணமாகாமல் குழந்தை பெற்றவர்களை உதவி ஆசிரியர் பணியில் அமர்த்துவதில்லை என்று கண்காணிப்பாளர் விதி செய்தார். அதனால் வேலை இழந்தவர்களும் மறுக்கப்பட்டவர்களும் கறுப்பினப் பெண்கள். மணமாகாமல் தந்தையானவர்கள் யாரும் சிக்கவில்லை.

நிர்வாகம் மூன்று காரணங்களைச் சொன்னது: மணமாகாமல் பெற்றதே ஒழுக்கக்கேட்டுக்குச் சான்று, அத்தகையோர் மாணவருக்குத் தவறான முன்மாதிரி, அவர்களைப் பார்த்து மாணவியரும் கருவுறுவர். அதே மாவட்டத்தைச் சேர்ந்த குடிமை உரிமைத் தலைவர் ஃபேனி லூ ஹேமர் சாட்சி சொல்ல வந்தார். 1961-இல் தம் ஒப்புதல் இல்லாமலே கருப்பை அகற்றப்பட்டவர் அவர். உதவித்தொகையை நம்பியிராமல் உழைத்து முன்னேற வேண்டும் என்று கறுப்பினத்தவரை நோக்கிச் சொல்பவர்களே, அப்படி உழைக்க வரும் தாயின் வழியை மறிக்கிறார்கள் என்பதே அவர் சாட்சியத்தின் சாரம். கூட்டாட்சி நீதிமன்றம் 1973-இல் விதியை நீக்கியது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குழந்தை பெற்ற ஒரு செய்தியை மட்டும் வைத்து ஒருவரின் இன்றைய ஒழுக்கத்தை முடிவு கட்ட முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் 1976-இல் வழக்கைக் கேட்டுவிட்டு, தலையிடாமல் விட்டது. முன்னதாக 1969-இல், மணமாகாத தாய் என்பதற்காக மாணவியை உயர்நிலைப் பள்ளியில் இருந்து விலக்கக் கூடாது என்று அதே மிசிசிப்பியின் கிரனேடா ஊர் வழக்கிலும் தீர்ப்பு வந்திருந்தது.

கேள்வி: இன்று அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளில் 70 சதவீதம் பேர் மணமாகாத தாய்மாருக்குப் பிறக்கிறார்கள் என்கிறார்கள். மோய்னிகன் அறிக்கை எச்சரித்தது சரிதான் என்று இதை வைத்துச் சொல்லலாமா?

பதில்: அறிக்கை என்ன சொன்னது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மோய்னிகன், 1965 மார்ச்சில் கறுப்பினக் குடும்பம் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். 1963-இல் வெள்ளையினக் குழந்தைகளில் சுமார் 3 சதவீதமும், வெள்ளையர் அல்லாத குழந்தைகளில் 23.6 சதவீதமும் மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்கள் என்று சுட்டி, அடிமை முறையும் வேலையின்மையும் குடும்பத்தைச் சிதைத்துவிட்டன, அந்தச் சிதைவு இப்போது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்று வாதிட்டார். வேலையின்மையைப் பற்றி அவர் எழுதியது கவனத்துக்குரியது. ஆனால் நோய்ப் பின்னல் என்று அவர் பயன்படுத்திய சொற்சேர்க்கைதான் நிலைத்தது. வேலைவாய்ப்புக் கோரிக்கை மறக்கப்பட்டது.

வெள்ளையினப் பெண்களின் கருவுறுதல் அவசரத் திருமணத்தாலும், தத்தாலும், பணம் கொடுத்துச் செய்த கருக்கலைப்பாலும் மறைக்கப்படும். கறுப்பினப் பெண்களுடையதோ பதிவேட்டில் அப்படியே வரும் என்று விமர்சகர்கள் அப்போதே சுட்டிக்காட்டினர். அடிமை முறை குடும்பத்தை அழித்துவிட்டது என்ற கருத்தையும் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976-இல் மறுத்தார். 1880 முதல் 1925 வரையிலான கணக்கெடுப்புகளில் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் தாய் தந்தை இருவருமே இருந்தார்கள். ஆகவே பின்னாளைய மாற்றத்துக்குப் பின்னாளிலேயே காரணம் தேட வேண்டும்: நகரங்களில் ஆலைகள் மூடப்பட்டது, சிறைகள் நிரம்பியது, திருமணமே எல்லா இனத்தாரிடமும் தள்ளிப்போனது.

70 சதவீதம் என்பது ஏறத்தாழச் சரியான எண்தான். ஆனால் அது பிறந்த குழந்தைகளில் எத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு. மணமாகாத கறுப்பினப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் விடை வேறு: 1970-இல் 95-ஐ ஒட்டி இருந்தது, 2010-களின் நடுவில் 60-ஐ ஒட்டிக் குறைந்துவிட்டது. மணமாகாத பெண்கள் முன்பைவிடக் குறைவாகவே பெறுகிறார்கள். மணமானவர்களின் எண்ணிக்கையும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் அதைவிட வேகமாகக் குறைந்ததால் பங்கு உயர்ந்து தெரிகிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று லத்தீன் வம்சாவளியினர் அல்லாத வெள்ளையினக் குழந்தைகளில் 28 சதவீதம் அளவினர் மணமாகாத தாய்மாருக்குப் பிறக்கிறார்கள். மோய்னிகன் நெருக்கடி என்று அழைத்த 23.6-ஐ அது எப்போதோ தாண்டிவிட்டது. வெள்ளை இனக் குடும்பம் நோயுற்றுவிட்டது என்று அந்த அளவுக்குப் பெயர்பெற்ற அரசு அறிக்கை எதுவும் அதற்காக வெளிவரவில்லை.

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களுக்கு இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகள் என்ன ஆனார்கள்?

பதில்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்படிப் பிறந்தவர்கள் சுமார் 2,000 பேர். படைவீரர் திருமணம் செய்துகொள்ள மேலதிகாரியின் அனுமதி வேண்டும். வெள்ளையினப் பெண்ணை மணக்கக் கறுப்பின வீரருக்கு அனுமதி அநேகமாகக் கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பிப்போக வேண்டிய மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய மணம் 1967 வரை குற்றமாகவே இருந்தது. அதாவது, மணக்க விரும்பிய தாய்மாரையும் மணமாகாத தாய்மாராக்கியது இராணுவ ஆணை. குழந்தைகளில் சிலரைத் தாயோ பாட்டியோ வளர்த்தார்கள். பலர் இல்லங்களுக்குப் போனார்கள். சாமர்செட் மாவட்டத்தின் ஹோல்னிகோட் மாளிகை அவற்றுள் ஒன்று.

கேள்வி: குழந்தையைப் பறிகொடுத்த வெள்ளையினத் தாய்மார் பின்னர் என்ன செய்தார்கள்? அந்த முறை எப்போது ஓய்ந்தது?

பதில்: கருத்தடை மாத்திரையும் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வந்தபின், தனியாகக் குழந்தை வளர்ப்பதற்கு இருந்த பழியும் தளர்ந்ததும், இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990-களின் நடுவில் மணமாகாத வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளில் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 1.7 சதவீதமே, கறுப்பினத் தாய்மார் முன்பு நின்ற இடத்துக்கே இவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். பறிகொடுத்தவர்கள் மாசசூசெட்ஸில் 1976-இல் ஒரு சங்கம் அமைத்து, தங்கள் கையெழுத்து விருப்பத்தோடு போட்டதல்ல என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். பூட்டி வைத்த பிறப்புச் சான்றிதழ்களைத் திறக்கக் கோரும் இயக்கம் வளர்ந்த பிள்ளைகளிடமிருந்தும் எழுந்தது. ஓரிகான் மாநில மக்கள் 1998-இல் வாக்களித்து அந்த உரிமையை வழங்கினார்கள். நியூயார்க்கில் அது 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. வேறு பல மாநிலங்களில் அந்தக் கோப்பு நீதிமன்ற ஆணை இல்லாமல் இன்னும் திறக்காது.